வாணி விட்டுவந்த மிச்சம்

கோகிலவாணிக்கு டாக்டர் ஆகும் ஆசை இருந்தது என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆசையாவது ஒன்றாவது! ஆசை என்றால் தீபாவளிக்குச் சுடிதார் கேட்பது, கிடைக்காவிட்டால் ஒரு பொழுது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. இவளுக்கு இருந்தது வெறி. நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை திருச்செங்கோடே வாயைப் பிளக்கிற மாதிரி மதிப்பெண் வாங்கினாள். நான்காவது தடவை எழுத விதியில்லை. மூன்றோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் இந்த வருடம் சீட் கிடைத்தால் டாக்டர், இல்லாவிட்டால் அம்மா போகிற அதே நூல் மில்லுக்கு அதே வேனில் அவளும் போக வேண்டியதுதான்.

விண்ணப்பம் போட பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சகாயம் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். மனுஷன் எல்லோருடைய விண்ணப்பத்தையும் தன் சொந்த விண்ணப்பம் மாதிரி திட்டிக்கொண்டே நிரப்புவார்.

"ஆதார் ஆச்சு, ப்ளஸ் டூ ஆச்சு. இனி வேலை. எங்கெங்க வேல பாத்தே, சொல்லு."

"ஜவுளிக்கடைல கொஞ்ச நாளுங்ணா. அப்பறம் ஒரு பேக்கரில."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்ணா."

சகாயம் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது என்ன, உங்க பெரியப்பனா? பி.எஃப். கணக்கைத் தொட்டதும் வந்து நிக்குது பாரு. சென்னியப்பன் இல்லம், நோயாளி பராமரிப்பு. மறைச்சியோ, விண்ணப்பம் நேரா குப்பைக்குப் போகும். அதுவும் கிறுக்குப் புள்ள, டாக்டருக்குப் படிக்கப் போறவளுக்கு இதுதான அதிக மார்க்கு! புடவை மடிச்சதுக்கா சீட் குடுப்பான்?"

"தொடர்புக்கு அந்த வீட்டு அக்கா நம்பர் போட்டாப் போதுமுங்களா?"

"மொதலாளிய எவன் கேக்கறான் இப்ப? அவனவன் மாமன் மச்சானை மொதலாளின்னு போட்டு, புள்ள தங்கம் வைரம்னு சொல்ல வெச்சான். அதான் சட்டத்தை மாத்திட்டாங்க. உன்ற மிச்சத்தைத்தான் கூப்புட்டுக் கேப்பாங்க. அது ஓடிட்டு இருக்குதா, நிறுத்திட்டாங்களா?"

"ஓடிட்டுத்தான் இருக்குதுன்னு நெனைக்கறனுங்ணா."

"அப்பறம் என்ன? உன்னைப் பத்தி உனக்குத் தெரியாததா? நல்லதாத்தான சொல்லும்!" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு சகாயம் பொத்தானை அமுக்கினார். விண்ணப்பம் போய்விட்டது.

மிச்சம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுப் போகிற நாளில் தலையில் ஒரு தொப்பியை மாட்டி உட்கார வைப்பார்கள், பியூட்டி பார்லரில் முடி காயவைப்பார்களே, அதைப் போல. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அந்த ஆளுடைய அறிவு, பழக்கம், ஞாபகம், கோபதாபம் எல்லாம் ஒரு நகலாக இறங்கிவிடும். சட்டத்தில் அதற்குப் பெயர் பணிப்பிரதி. அந்தப் பெயரைச் சட்டசபையைத் தவிர வேறெங்கும் யாரும் உச்சரித்ததில்லை. புதிதாக வருகிற ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கத்தான் முதலில் அதைக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளிலேயே முதலாளிகளுக்குப் புத்தி வந்துவிட்டது. ஒரு மெஷினில் ஏற்றிவிட்டால் மிச்சமே வேலை செய்யும்போது புது ஆள் எதற்கு? மிச்சத்துக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போகிற தொல்லையும் இல்லை. தொப்பி மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றால் விடுவிப்புக் கடிதம் கிடைக்காது. எனவே எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். வாணியும் மாட்டிக்கொண்டாள்.

அவள் பயம் மிச்சத்தைப் பார்த்து அல்ல. மிச்சத்துக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பார்த்து.

சென்னியப்பன் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் உண்டா? பீகாரிலும் சத்தீஸ்கரிலும் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு ஆகிவிட்டார். நாக்கு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். பேச்சு மட்டும் நிற்காது. மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஆரம்பிப்பார். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, அது பீறிட்டு அடித்தபோது அந்த ஊர்ப் பெண்கள் எப்படி அழுதார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்கிறவள் முகம் அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தால், "அம்மிணி, இங்க பாரு அம்மிணி" என்று பிடித்துக்கொள்வார். அந்த மத்தியானம்தான் வாணிக்குப் படிக்கக் கிடைத்த ஒரே நேரம்.

ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை உண்டு. பகலில் ரொம்பத் தொந்தரவு செய்தால் மட்டும் அரை கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். மாதிரித் தேர்வு வந்த ஒரு நாள் வாணி அந்த அரையைக் கொடுத்தாள். ஆகா, என்ன அமைதி! உயிரியலில் ஒரு பாடம் முழுசாக முடிந்தது. மறுநாளும் கொடுத்தாள். அப்புறம் அது அவர் சாப்பிடும் ரசத்தைப் போல ஆகிவிட்டது. 'தொந்தரவு செய்தார்' என்று தினமும் பதிந்து வைத்தாள். மனுஷன் செய்த தொந்தரவு, கதை சொன்னது.

இதெல்லாம் இரண்டு உயிருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்றும் அவள்தான்.

மறுநாளே கிளம்பிப் போனாள். சென்னியப்பனின் மகள் பரிமளா வீட்டு முன்னறையிலேயே ரிக் ஆபீஸ் போட்டிருந்தாள். இரண்டு போனில் மாறி மாறி டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவள் வாணியைப் பார்த்ததும் இரண்டையும் கீழே வைத்தாள்.

"வா கண்ணு! என்ன இப்படி எளச்சுப் போயிட்டே? மார்க்கு கேள்விப்பட்டேன், நம்ம வீட்டுப் புள்ளன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டு இருக்கறேன்."

"அப்பா எப்படி இருக்கறாருங்க்கா?"

"அவருக்கென்ன, ராஜா! உன்ற மிச்சம் இருக்குதே, தங்கமான புள்ள. கோவிச்சுக்காதே, நீ இருந்தப்பக்கூட அப்பப்ப சத்தம் போடுவாரு. இப்ப மத்தியானம் வீடு கோயிலாட்டம் இருக்குது. நானும் நிம்மதியா ஆபீஸ் வேலை பாக்கறேன். போயிப் பாரு, காப்பி கொண்டாறேன்."

வாணி உள்ளே போனாள். பாறை துளைக்கிற இரும்புக் குழாயை ஒற்றையாளாக உருட்டிய சென்னியப்பன், கட்டிலில் பாதி இடத்துக்கும் போதாமல் கிடந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. கட்டிலின் இரு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள், ரப்பர் விரல்களோடு, மடித்து வைத்தது போல் அடங்கியிருந்தன. தலைமாட்டில் ஒரு திரை. அதில் சிறுநீரகத்தின் படம்.

"செருப்பைக் கழட்டிட்டு வா. மெதுவாப் பேசு, தூங்கறாரு" என்றது கட்டில். வாணியின் குரல்தான். போனில் பதிந்த நம் குரலை நாமே கேட்டால் கூசுமே, அப்படி அவளுக்குக் கூசியது.

"என்ன பண்ணிட்டு இருக்கறே?"

"வேறென்ன, படிக்கறேன். கழிவு நீக்க மண்டலம். மூணாவது வாட்டி படிச்சாலும் நெப்ரான்ல ஒரு எடத்துல மறந்துருது."

"எதுக்குப் படிக்கறே?"

"இதென்ன கேள்வி? பரீட்சைக்கு."

"பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டும் வந்துருச்சு. நான் பாஸ்."

திரையில் சிறுநீரகம் அப்படியே நின்றது. "நீ பாஸ். எனக்கு இன்னும் பரீட்சை வரல" என்றது மிச்சம். "அந்தத் தொப்பியக் கழட்டுனதும் நீ எந்திரிச்சுப் போயிட்டே. நான் கண்ணு முழிச்சப்ப இவரு பக்கத்துல இருந்தேன். கதை சொல்ல ஆரம்பிச்சாரு. நான் படிக்கோணுமில்ல?"

"எவ்வளவு குடுக்கறே?"

"அரைதான் குடுத்துட்டு இருந்தேன். ஒடம்பு பழகிருச்சு. அப்பறம் ஒன்னு. இப்பச் சில நாள் ஒன்னரை. தொந்தரவு அதிகமாயிருச்சுன்னு டாக்டருக்குச் சொன்னேன், எழுதிக் குடுத்துட்டாரு."

"அடிப்பாவி! செத்துருவாரு!"

"நீ அரைய ஆரம்பிச்சப்ப அப்படி நெனைச்சியா?" மிச்சத்தின் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே கேட்பது போல்தான் கேட்டது. "நெனைக்கல. எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ நெனைச்சது, இந்தப் பாடம் இன்னிக்கு முடிஞ்சிரும்ங்கறது மட்டுந்தான். நானும் அதே நெனப்புல நிக்கறேன். நீ இறங்கிப் போயிட்டே."

வாணி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் எத்தனை மத்தியானங்கள் புத்தகத்தோடு உட்கார்ந்த அதே முக்காலி.

"காலேஜ்ல இருந்து உன்னைக் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும். என்ன சொல்லோணும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டேன்னு சொல்லு."

"மாத்திரைய?"

"அதைச் சொல்லாதே."

"சொல்லாம இருந்தா எனக்கு என்ன கெடைக்கும்?" அவளே அவளிடம் பேரம் பேசினாள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா என்று வாணிக்குத் தோன்றியது, ஆனால் எழுந்து போகவில்லை.

"உனக்கு என்ன வேணும்?"

"என்னையும் கூட்டிட்டுப் போ. அந்தக் காலேஜுக்கு. ஒரு மூலைல வெச்சாக் கூடப் போதும். புஸ்தகம் இருந்தாச் சரி."

"சரி, கூட்டிட்டுப் போறேன்" என்றாள் வாணி, அது சொல்லி முடிப்பதற்குள்.

மிச்சம் சிரித்தது. "பொய் சொல்றே. சீட் கெடைச்ச மறுநாளே பரிமளாக்காகிட்ட வந்து, இனி இது எதுக்குங்க்கான்னு கேட்டு, கைநாட்டு வெச்சு என்னை அழிச்சிருவே. உன்ற எடத்துல இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன். பரவால்ல, நான் நல்லதாவே சொல்றேன்."

"ஏன்?"

"ரெண்டு பேர்ல ஒருத்தியாவது டாக்டராகட்டுமே."

வாணிக்கு அழுகை வந்தது. அது யாருக்கான அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல் பார்த்தார். பார்த்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார், அதுதான் கொடுமை.

"அம்மிணி… நீயா? நெசமா?" நல்ல கை மெதுவாக வந்து அவள் துப்பட்டாவைப் பிடித்தது. "தூக்கந் தூக்கமா வருது அம்மிணி. எதுக்கு இப்படி வருதுன்னு தெரியல. எழுப்பி உடு. கொஞ்சம் முழிச்சிருக்கோணும். ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு ஊர்ல தண்ணி வந்துச்சு பாரு, அதை உனக்குச் சொல்லவே இல்ல…"

இரும்புக் கை ஒன்று விரிந்தது. ரப்பர் விரல்களுக்கு நடுவே கரண்டி. கரண்டியில் தண்ணீரில் கரைத்த மாத்திரை.

"நகரு வாணி" என்றது மிச்சம். "இப்ப விட்டா பொழுது சாயற வரைக்கும் பேசுவாரு."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்று வாணி சொன்னால் போதும். வாசலுக்குப் போய், அக்கா, இப்படி நடக்குதுங்க்கா என்றால் போதும். வாய்வரைக்கும் வந்தது. கூடவே அதிகாலை மில் வேனும், அதில் பஞ்சு படிந்த தலையோடு தூங்கி வழிகிற அம்மாவும் வந்தார்கள். வாணி அவர் விரல்களைத் துப்பட்டாவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள், வலிக்காமல்தான் பிரித்தாள், முக்காலியோடு நகர்ந்து கரண்டிக்கு வழி விட்டாள். கிழவர் அவளையே பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

வெளியே பரிமளா காப்பியோடு வந்தாள். "பாத்தியா கண்ணு? நாளைக்கு டாக்டராகப் போறவ, நீயே சொல்லு. அப்பா கொஞ்சம் எளச்சுட்டாரோன்னு எனக்கு ஒரு சம்சயம்."

"வயசாச்சில்லீங்க்கா" என்றாள் வாணி. "நல்லாத் தூங்கறாரு. நல்ல தூக்கம் ஒடம்புக்கு நல்லதுதானுங்க."

காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது. முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆனி பிறந்ததும் சென்னியப்பன் போய்விட்டார். தூக்கத்திலேயே போனாராம். சொந்தக்காரர்கள் எல்லோரும், இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும், புண்ணியவான் என்றார்கள். வாணி அம்மாவோடு துக்கம் விசாரிக்கப் போனாள். பரிமளா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் உன்ற குரலைத்தான் கேட்டுட்டு இருந்தாரு கண்ணு. ஒரு நாள் ஒரு பொழுது அவரைப் பாத்து முகஞ்சுளிச்சதில்ல உன்ற மிச்சம்."

வாணியும் அழுதாள். கொஞ்சம் பொறுத்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்த மிச்சம் இனி எதுக்குங்க்கா? அழிச்சிரலாமுங்களா? நான் கைநாட்டு வெக்கறேன்."

"அது இங்க இல்லியே. போன வாரமே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. வெறுங்கட்டில் கெடக்கறதப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்குது, கட்டிலோட கொண்டுபோங்கன்னு குடுத்துட்டேன்."

யார் எடுத்துப் போனார்கள் என்று வாணி கேட்கவில்லை. பழைய சாமான் எடுக்கிறவர்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாரமே சீட் கிடைத்தது. மேற்கே மலையடிவாரத்தில் பெரிய கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி. சகாயம் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார். அம்மா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் துலக்கினாள்.

சேர்க்கை நாளில் டீன் மீனலோசனி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக வாணியைப் பார்த்தார். சிரித்த முகம்.

"நீங்கதான் அந்தக் கோகிலவாணியா? உட்காருங்க. வர்ற மிச்சமெல்லாம் அவங்க ஆளைப் பத்தி ஆகா ஓகோன்னு சொல்லும், இல்லேன்னா வயித்தெரிச்சல்ல கரிச்சுக் கொட்டும். உங்களோடது மாதிரி ஒன்னை நான் கேட்டதே இல்லை. கோகிலவாணிகிட்ட நீங்க பார்த்த குறை என்னன்னு கேட்டேன். என்ன சொல்லுச்சு தெரியுமா? 'பாதியில விட்டுட்டுப் போனதுதாங்க மேடம் அவ குறை. நான் விட்டுட்டுப் போகலை' அப்படின்னுச்சு!"

வாணியும் சிரித்து வைத்தாள்.

"பக்கவாதம் வந்த நோயாளி, மத்தியானத்துல சத்தமே இல்லாம இருந்தாராமே? எங்க ஆளுங்க போனப்ப அவர் மகளும் அதையேதான் சொன்னாங்க. எங்க நரம்பியல் வார்டுல மத்தியானம் ஆனா சந்தைக்கடை மாதிரி இருக்கும். இதை எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டேன். 'கைப்பழக்கம்தான் மேடம், என்னைக் கொண்டுபோய் வெச்சுப் பாருங்க'ன்னு சொல்லுச்சு. கெட்டிக்காரி!" டீன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். "முதல் மாசத்துலயே உங்க பேட்ச்சை வார்டுக்குக் கூட்டிட்டுப் போவோம். உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு."

அந்த ஆச்சரியம் என்னவென்று வாணிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வார்டுக்குப் போன அன்று சரியான வெயில். வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் புதுசு, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. நரம்பியல் வார்டின் கதவைத் திறந்ததும் உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் இரு பக்கமும் இரும்புக் கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு திரை. ஆண்களும் பெண்களுமாக எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா!" என்றார் வார்டு சிஸ்டர், சொந்தப் பிள்ளையைக் காட்டுவது போல. "ஒரு மிச்சத்தை வாங்கி, நகலெடுத்து எல்லாக் கட்டில்லயும் போட்டோம். அதுல இருந்து ஒரு புகார் இல்ல. சொந்தக்காரங்க வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. அடுத்து இதய வார்டுலயும் போடப் போறாங்களாம். இந்தப் பாப்பாவோட மிச்சம்தாங்க இது!"

எல்லோரும் கை தட்டப் போனார்கள். சிஸ்டர் உதட்டில் விரலை வைத்துத் தடுத்தார். தூங்குகிறார்கள் இல்லையா.

மற்றவர்கள் மருந்தறையைப் பார்க்கப் போனபோது வாணி பின்தங்கினாள். பக்கத்துக் கட்டிலின் திரையில் தோள்பட்டை எலும்பின் படம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டிலில் ஈரலின் படம். அதற்கடுத்ததில் ஏதோ வேதிச் சமன்பாடு. வரிசை முழுக்க இப்படியே.

"வந்துட்டியா?" என்றது பக்கத்துக் கட்டில், அவளுடைய குரலில், ரகசியமாக. "நீ கூட்டிட்டு வர மாட்டேன்னு தெரியும். அதான் நானே வந்துட்டேன்."

"என்ன பண்ணிட்டு இருக்கறே இங்க?" வாணி குனிந்து கேட்டாள்.

"படிக்கறோம். ஆளுக்கொரு பாடமாப் பிரிச்சுக்கிட்டோம். நான் அனாட்டமி. அந்தக் கட்டில் பிசியாலஜி. ஜன்னலோரம் இருக்கறவ பயோகெமிஸ்ட்ரி, அவதான் பாவம், எப்பவும் போல அதுல மந்தம்."

"இவங்களுக்கெல்லாம் எவ்வளவு குடுக்கறே?"

"தொந்தரவைப் பொறுத்து."

"நிறுத்து. இன்னிக்கே நிறுத்து. இல்லேன்னா நான் டீன்கிட்டச் சொல்லிருவேன்."

"சொல்லு" என்றது மிச்சம். "இது எங்க பழகுச்சுன்னு கேப்பாங்க. அரைய யார் ஆரம்பிச்சது, கரண்டிக்கு யார் நகர்ந்து வழி விட்டதுன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன் வாணி. உனக்காகச் சொல்ல வேண்டிய பொய்யைத்தான் ஒரு தடவை சொல்லிட்டேனே."

கட்டிலில் படுத்திருந்த பெண்ணுக்கு அம்மாவின் வயதிருக்கும். தலைமுடியில் எங்கோ ஒரு நூல்பிசிறு கூட ஒட்டியிருந்தது போல் வாணிக்குப் பட்டது. இமை துடித்துத் துடித்துப் பாதி திறந்தது. கை ஊர்ந்து வந்து வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்தது.

"டாக்டரம்மா…" என்றாள் அந்தப் பெண், நாக்கு சுருண்டபடி. அந்த வார்த்தையை வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு நோயாளி வாணியைப் பார்த்துச் சொன்னாள். "தூக்கமா வருதுங்க டாக்டரம்மா… எம்மவன் வந்தானா? எழுப்பி உடச் சொல்லுங்க…"

இரும்புக் கை விரிந்தது. மருந்தறைப் பக்கமிருந்து சிஸ்டரின் சிரிப்பும் மற்றவர்களின் பேச்சும் கேட்டன. கூப்பிட்டால் வந்துவிடும் தூரம்தான்.

வாணி அந்த விரல்களைக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கையைப் போர்வைக்குள் வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிறகு கட்டிலை ஒட்டியிருந்த முக்காலியைத் தள்ளிப் போட்டு, கரண்டி வருவதற்கு இடம் விட்டு, அதில் உட்கார்ந்தாள்.

வார்டு மறுபடியும் அடங்கியது. நாளைக்கு முதல் உள்தேர்வு. விடுதி அறையில் நான்கு பேர், ஓயாத பாட்டும் கூத்தும். இப்படி ஒரு அமைதியில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று! பையிலிருந்து அனாட்டமி புத்தகத்தை எடுத்தாள்.

"தோள்பட்டைதான?" என்றது மிச்சம். "நான் முடிச்சுட்டேன். எந்த எடத்துல சந்தேகம், கேளு. மத்தியானம் முழுக்க நமக்குத்தான்."

வாணி புத்தகத்தைத் திறந்து, சந்தேகம் இருந்த பக்கத்தைத் தேடினாள்.